மெர்போக் ஆற்றங்கரை நாகரிகம்

ஆதி நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின என்பது சரித்திரம் கற்கும் சிறுவரும் அறிந்த செய்தி. எகிப்துக்கு நைல், சுமேரியாவுக்கு யூப்ரடீஸும் டைகிரீஸும், ஹரப்பா மொகஞ்சதாரோ நகரங்களுக்குச் சிந்துவும் அதன் துணையாறுகளும், சீனத்துக்கு மஞ்சளாறு என்று பள்ளியில் மனப்பாடம் செய்யாதார் நம்முள் அரியர். ஆயின், நாம் குடியிருக்கும் இக்கெடா மாநிலத்திலும் ஓர் ஆற்றுவெளி, ஆயிரம் ஆண்டுகள் கீழ்நாட்டுக் கப்பல்களையும் மேல்நாட்டுக் கப்பல்களையும் தன் துறையில் சேர்த்து வைத்திருந்தது என்பதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவருள் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? ஆங்கில வழியில் பயின்ற நமக்குக் கிடைத்த புத்தகங்கள் நைலுக்குப் பல பக்கங்களையும் மெர்போக்குக்குச் சில வரிகளையுமே ஒதுக்கின. அச்சில வரிகளை விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு நாகரிகத்தை எங்ஙனம் ஈன்றது? நைல் ஆண்டுதோறும் பெருகி, வடியும்போது கரிய வண்டலை வயலில் விட்டுச் சென்றது. அவ்வண்டலில் விதைத்தவன், தன் குடும்பம் உண்டு மிஞ்சும் அளவு தானியம் அறுத்தான். மிச்சம் உண்டான இடத்திலேதான் உழாமல் உண்ணக்கூடிய குயவனும் கொல்லனும் தச்சனும் தோன்றினர். பூசாரியும் அரசனும் தோன்றியதும் அவ்விடத்திலேதான். மிச்சத்தை அளக்கக் கணக்கு வேண்டியதாயிற்று. சுமேரியாவின் ஊருக் நகரத்தில், சுமார் 5200 ஆண்டுகட்கு முன் களிமண் பலகைகளில் எழுதப்பெற்ற மிகப் பழைய எழுத்துகளுட் பெரும்பாலானவை காவியமும் அல்ல, தோத்திரமும் அல்ல. வாற்கோதுமை இத்தனை, ஆடு இத்தனை, வேலையாளுக்கு அளந்த படி இத்தனை என்னும் கணக்குகளே அவை. நம் தோட்டத்து ஆபீஸில் இருக்கும் செக்ரோலுக்கு அப்பலகைகள் பாட்டன் முறை என்க. கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணிமாராகிய நமக்கு இதிலே சிறிது பெருமை உண்டு. ஆயினும் அக்கணக்கில் வெறும் எண்களாய் நிற்கும் வேலையாட்களின் தோளே அந்நகரத்தைத் தூக்கி நிறுத்தியது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இதனை மனத்திற் கொண்டு நம் நாட்டுக்கு வருவோம். ஜித்ராவிலிருந்து தெற்கே அலோர் ஸ்டாரைக் கடந்து செல்வோர்க்கு, நெல்வயல்களின் எல்லையில் நீலநிறமாய் எழுந்து நிற்பது ஜெராய் மலை. அதன் உயரம் 1217 மீட்டர். அம்மலையின் தென்புறத்தே, மெர்போக், பீடோங் முதலிய ஊர்களைச் சார்ந்து, மெர்போக் ஆறும் அதனோடு கலக்கும் பூஜாங், சுங்கை பத்து முதலிய சிற்றாறுகளும் பாயும் நிலத்தையே பூஜாங் பள்ளத்தாக்கு என்பர். அதற்கும் தெற்கே மூடா ஆறு கடலைச் சேர்கின்றது. மெர்போக்கும் அதன் துணையாறுகளும் நைலைப் போல நெடுந்தூரம் ஓடி ஒரு தேசத்துக்குச் சோறிடுவன அல்ல. அங்ஙனமாயின் இங்கே நாகரிகம் எதைப் பற்றி எழுந்தது?

முதற் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புறப்பட்ட பாய்க்கப்பல், வங்கக் கடலைக் கடந்து இக்கரையை அடையும். திரும்பிச் செல்வதற்கு வடகிழக்குக் காற்று எழ வேண்டும்; அதுவரையில் காத்திருத்தல் வேண்டும். அங்ஙனம் காத்திருக்கும் மாலுமிக்கு ஜெராய் மலை கடலிலிருந்தே காணும் அடையாளம், மெர்போக் கழிமுகம் அலையடங்கிய துறை, மலையருவி குடிநீர். அக்காலத்தில் கடல் இன்றைக்கு இருப்பதினும் மிகவும் உள்ளே வந்திருந்தது. இன்று செம்பனையும் பால்மரமும் நிற்கும் இடங்கள் பலவற்றில் அன்று தோணிகள் கட்டப்பட்டிருந்தன.

இரண்டாவது காரணம் இரும்பு. மலையைச் சூழ்ந்த மண்ணில் இரும்புத்தாது உண்டு. எரிப்பதற்குக் காட்டு மரம் உண்டு. ஏற்றிச் செல்ல ஆறு உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்தில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், கிட்டக் குவியல்கள், உலைக்குள் காற்றூதிய ஆயிரக்கணக்கான மண்குழல்கள், செங்கல்லால் ஆகிய படகுத்துறைகள் ஆகியவை வெளிப்பட்டன. இத்தொழில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்செல்லும் என்பது அகழ்ந்தோர் கூற்று. அத்துணைப் பழமையை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. எனினும், கிறிஸ்து பிறந்த பின் முதற் சில நூற்றாண்டுகளிலேயே இங்கே இரும்புத்தொழில் பெருக நடந்தது என்பதை ஒப்புவர். யார் முந்தியவர் என்னும் வாதத்தினும் நமக்கு வேண்டியது வேறு. ஓர் உலையை மூட்டுவதற்கு எத்தனை மரம் வெட்ட வேண்டும், எத்தனைக் கூடை தாது சுமக்க வேண்டும், எத்தனை நாழிகை துருத்தி மிதிக்க வேண்டும் என்று எண்ணுக. நெடுங்காலம் அவ்வேலையைச் செய்தவருள் ஒருவன் பெயரேனும் நமக்குக் கிட்டவில்லை. அவன் ஊதிய குழல் மட்டும் கிடைத்திருக்கின்றது.

மூன்றாவது காரணம் காடு. அகில், கற்பூரம், பிரம்பு, மெழுகு முதலிய பொருள்களைக் காட்டுவாழ்நர் கொணர்ந்தனர்; உள்நாட்டிலிருந்து ஈயமும் பொன்னும் வந்தன. இவற்றுக்கு மாற்றாகத் துணியும் மணியும் பீங்கானும் இறங்கின. மூடா ஆற்றை ஒட்டிய கம்போங் சுங்கை மாஸில் எண்ணற்ற கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பெற்ற வகையைச் சேர்ந்தவை பல. அத்தொழிலை இங்கேயே செய்தனர் என்பதற்கும் அடையாளங்கள் உள்ளன. பெங்காலான் பூஜாங்கிலோ சீனத்துச் சுங் காலத்துப் பீங்கான் உடைசல்கள் மிகுதி. ஒரு கரையின் கைத்தொழிலும் மற்றொரு கரையின் சரக்கும் சந்தித்த சந்தை இது.

இச்செய்திகள் ஒருநாளில் வெளிவந்தவை அல்ல. 1830-களில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலப் படையதிகாரி இப்பக்கத்துச் சிதைவுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். செபராங் பிறையில் அவர் கண்டெடுத்த 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், புத்தகுப்தன் என்னும் பெருமாலுமி தன் பயணம் இனிது முடிதல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டது பொறிக்கப்பட்டுள்ளது. 671-ஆம் ஆண்டு சீனத்தை விட்டுப் புறப்பட்ட இ-சிங் என்னும் பௌத்தத் துறவியும் இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இங்கே சுமார் முப்பது இடங்களை ஆராய்ந்தனர். ஜெராய் மலையடியில் உள்ள புக்கிட் பத்து பகாட் கற்கோயிலை, அலஸ்டர் லாம்ப் என்பார் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து செப்பஞ்செய்தார்.

வேல்ஸ் துரையின் கருத்துப்படி இவையாவும் இந்தியர் கடல் கடந்து வந்து நிறுவிய குடியேற்றங்கள். அக்கருத்து நம்மவர் செவிக்கு இனித்தது. ஆதலின் இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றது. பின்வந்த ஆராய்ச்சியாளரோ அதனை ஏற்கவில்லை. கோயில் அமைப்பைப் பாருங்கள். தமிழகத்து முறையை ஒட்டி விமானமும் மண்டபமும் உண்டு. ஆயினும் அடித்தளமும் சுவருமே கல். மேற்கூரை மரத்தூண்கள் தாங்கிய இந்நாட்டுக் கூரை. கல் ஆற்றிலும் மலையிலும் எடுத்த கல். கை இந்நாட்டார் கை. கடல் கடந்து வந்த பௌத்தத்தையும் சைவத்தையும் இந்நாட்டு மக்கள் தம் வாழ்வுக்கு ஏற்றவாறு எடுத்தாண்டனர் என்பதே பொருந்தும். இரும்புலை ஊதியவரும், தோணி கட்டியவரும், காட்டுப்பொருள் சுமந்தவரும் இம்மண்ணின் மக்களே.

அப்படியாயின் தமிழருக்கு இதில் பங்கு இல்லையோ? உண்டு, நன்றாக உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய சரக்குகளைக் கூறும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் குறிக்கின்றது; உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்றே கொண்டார். கடாரம் கெடாவே என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிபு. கடாரத்தரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். சைவனாகிய சோழன், கடல் கடந்த அரசன் கட்டிய பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்தான் என்பதைச் சமயப்பூசல் வளர்ப்போர் சிந்திப்பாராக. இராசராசன் மகன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கப்பற்படை செலுத்திக் கடாரத்தைத் தாக்கினான். கடாரங்கொண்டான் என்று பட்டம் சூடினான். ஆயின் இக்கரையில் நிலையான சோழ ஆட்சி எழவில்லை. 1090-ஆம் ஆண்டில் கடாரத்தரசன் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அவ்விகார நிலங்களுக்கு வரி நீக்கினான். படையெடுப்பு ஒருமுறை வந்து சென்ற புயல். வாணிகமும் நட்பும் பல நூற்றாண்டு வீசிய பருவக்காற்று.

நம்மவர் கூட்டங்களிலோ புயலுக்கே புகழ் மிகுதி. கடாரம் வென்ற இனம் என்று மார்தட்டுவதால், மறுநாள் விடியலில் காட்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கு என்ன நன்மை? வென்றான் என்று நாம் சொல்லும்போதே, தோற்றவர் யாவர் என்னும் கேள்வியும் எழுகின்றதன்றோ? தோற்றவர் நம் அண்டை வீட்டாரின் முன்னோர். அவரோடு ஒரே சந்தையில் அரிசி வாங்கி, ஒரே ஆஸ்பத்திரியில் வரிசை நின்று வாழும் நமக்கு இது தகுமா? இக்கடற்கரையின் வடபால், இன்று தாய்லாந்தைச் சேர்ந்த தக்குவாப்பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அது போரைப் பாடவில்லை. ஒரு குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் காவலில் வைக்கப்பட்டதையும் கூறுகின்றது. வந்த இடத்தில் குளம் வெட்டிய பெருமையே நாம் தலைநிமிர்ந்து கொண்டாடத்தக்க பெருமை.

இனி, இந்நாகரிகம் மறைந்த வகையைக் காண்போம். நைல்நாட்டை வளர்த்த வண்டலே இங்கே துறைகளைத் தூர்த்தது. மலையிலிருந்து இறங்கிய மண் கழிமுகத்தில் படியப் படியக் கரை முன்னேறிற்று. கப்பல் நின்ற இடம் சேறாயிற்று, சேறு நிலமாயிற்று. 14-ஆம் நூற்றாண்டோடு பூஜாங் துறைகள் ஒடுங்கின. 15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா தலையெடுத்தது. ஆயினும் வண்டல் வீண்போகவில்லை. மலைக்கு வடக்கே கடலோரச் சேறும் சதுப்பும் திருத்தப்பெற்று வயலாயின. 1885-ஆம் ஆண்டு வான் முகமது சமான் தொடங்கிய கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே நீண்டது. 1966-ஆம் ஆண்டு தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டம் அவ்வயல்களுக்கு இருபோகம் தந்தது. பிற நாடுகளில் ஆறு முதலில் நெற்களத்தையும் பின்னர் நகரத்தையும் தந்தது. இங்கேயோ துறைமுகம் முந்தியது, பெருவயல் பிந்தியது. ஜித்ராவைச் சூழ்ந்து இன்று நாம் காணும் பசுமை அக்கதையின் பிற்பகுதியே.

முற்பகுதி மண்ணுக்குள் கிடக்கின்றது. அம்மண்ணின் மேலேதான் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டிப் பால்மரம் நட்டவருள் நம் பாட்டனாரும் பாட்டியாரும் உண்டு. அவர்தம் மண்வெட்டியில் பழஞ்செங்கல் தட்டியிருந்தால், அது இன்னதென்று அவர்க்குச் சொல்ல ஆளில்லை. நமக்கோ அந்தச் சாக்கு இல்லை. 2013-ஆம் ஆண்டு சுங்கை பத்துப் பகுதியில், மலாய் மொழியில் சண்டி எனப்படும் பழங்கோயில்களுள் 11-ஆம் எண்ணிட்ட ஒன்றின் அடித்தளம், நிலமேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. தனியார் நிலம் என்றும், மரபுச்சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என்றும் காரணம் சொல்லப்பட்டது. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கிய செங்கல், இயந்திரத்தின் ஒருநாள் வேலைக்குத் தாங்கவில்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உள. பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்துக்கும் சுங்கை பத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்க. திருவிழாவுக்குப் பஸ் பிடிக்கும் கூட்டம் அதற்கும் ஒரு பஸ் பிடித்தல் இயலாததன்று. தோட்டத்தில் குழி வெட்டும்போது பழஞ்செங்கல்லோ, கிட்டமோ, பானையோட்டுக் குவியலோ தட்டுப்பட்டால் அதனைக் கலைக்காது நிறுத்தி, மாவட்ட அதிகாரிக்கு அறிவிக்க. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் அதனையே பணிக்கின்றது. கண்ட சிலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூச்சூட்டுவதும், மணியைப் பொறுக்கி விற்பதும் சரித்திரத்தின் ஓர் ஏட்டைக் கிழித்தலேயாம். பொருள் கிடந்த இடமும் ஆழமுமே அதன் காலத்தைச் சொல்வன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சரித்திரத்தை நம் பிள்ளைகட்கு உரைக்கும்போது அரசர் பெயரோடு நிறுத்தாதிருப்போமாக. உலையூதியவனையும் செங்கல் அறுத்தவளையும் தோணி தள்ளியவனையும் குளம் வெட்டியவனையும் சேர்த்துச் சொல்வோமாக. மலாயரும் தமிழரும் சீனரும் காட்டுவாழ்நரும் ஒரே ஆற்றின் துறையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த நிலம் இது. நாம் இங்கே நேற்று வந்த கூலிகளும் அல்லோம். அன்று வென்ற எஜமானரும் அல்லோம். உழைத்து உரிமை பெற்ற குடிகள் நாம். மெர்போக் ஆற்றங்கரை நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.