ஓடைக்கு யார் பேர் வைத்தது?

திருவண்ணாமலைன்னா நமக்குக் கிரிவலம். பக்கத்திலேயே கவுத்திமலை, வேடியப்பன்மலை, உள்ளே இரும்புத்தாது. 2000களில் டிட்கோவும் ஜிண்டாலும் சேர்ந்த டிம்கோ நிறுவனம் தோண்ட வந்தது. 325 ஹெக்டேர் காட்டு நிலம் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் விடலை.

இந்தக் கதையில் எல்லாரும் மரத்தைப் பேசுவோம். நான் பார்க்கச் சொல்றது மலையடிப் பள்ளங்களை. பாதி வருஷம் காய்ந்து கிடக்கும். ஐப்பசி மழையில் அதுதான் ஏரிக்குத் தண்ணீர். இன்று ஒரு சுரங்கம் வந்தால் சட்டம் அதை என்னன்னு சொல்லும்? மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளைப் புரட்டுங்க. ஆற்று வழி, நெல்வயல், பாசனத்துக்கென்றே கட்டியது எதுவும் ஈரநிலம் இல்லையாம்! நம்ம ஏரி, வாய்க்காலில் பெரும்பகுதி அங்கேயே போச்சு.

ஆனா வெள்ளைக்காரன் காலத்து செட்டில்மென்டில், வரிக்காக, சர்வே எண் போட்டு எழுதினாங்க பாருங்க: 'ஓடை புறம்போக்கு', 'வாய்க்கால் புறம்போக்கு'. கிராமத்து 'ஏ' பதிவேட்டில் அந்தப் பேர் இன்னும் இருக்கு. ஈரநில விதியைவிட இதைத்தான் நான் நம்புவேன். 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஓடை புறம்போக்கு ஆக்கிரமிப்பு வழக்கு ஒன்றில்தான், இயற்கை நீர்நிலைகளைக் கண்டறிந்து மீட்கச் சொல்லி அரசுக்கு உத்தரவு போட்டது.