மண்ணீரல் ஆஞ்சியோசர்கோமா

மண்ணீரல் ஆஞ்சியோசர்கோமா என்பது மண்ணீரலின் இரத்தக்குழாய்களை உட்புறம் போர்த்தியிருக்கும் செல்களில் தோன்றும் கொடிய புற்றுநோய். 1879இல் நோயியல் வல்லுநர் லாங்ஹான்ஸ் இதை முதலில் விவரித்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பெரும்பாலோர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். காரணம் தெளிவாகவில்லை.

இடது மேல்வயிற்று வலி, மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை, தட்டணுக் குறைவு ஆகியவை அறிகுறிகள். மலேரியாவும் கல்லீரல் சுருக்கமும் மண்ணீரலைப் பெருக்கும் என்பதால் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் மருத்துவர் முதலில் அவற்றையே எண்ணுவார், அது முறையானதே. காரணம் பிடிபடாத வீக்கத்தைத்தான் விட்டுவிடக் கூடாது. மண்ணீரல் தானாக வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் பெருகுவதே இந்நோயின் பேராபத்து. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கத்தில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால், 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் பாளையங்கோட்டை மருத்துவமனை போன்ற, இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள இடத்துக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

சி.டி. ஸ்கேன் ஐயத்தை எழுப்பும். ஊசியால் திசு எடுத்தால் இரத்தம் கசியக்கூடும். ஆகவே அகற்றிய மண்ணீரலின் திசு ஆய்வே பெரும்பாலும் நோயை உறுதிசெய்கிறது. வெடிக்கும் முன்பே மண்ணீரலை அகற்றிக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். ஆனாலும் கல்லீரல், நுரையீரல், எலும்பு என விரைந்து பரவுவதால் பலர் ஓராண்டுக்குள் இறக்கின்றனர். மண்ணீரலை இழந்தவருக்கு நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகள் அவசியம்.