எத்தனை லூமன் வேணும்? புரொஜெக்டரின் கதையும் எங்கட மண்டபமும்

புரொஜெக்டர் வாங்கத் தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது லூமன் கணக்குத்தான். உள்ளங்கையில் வைக்கக்கூடிய ஒரு பெட்டி, விலை ஒரு சாதாரண போனை விடக் குறைவு, ஆனால் மேல 9000 லூமன் என்று போட்டிருக்கும். விரிவுரை மண்டபங்களில் தொங்குகிற வகை அதைவிடப் பல மடங்கு விலை, அதில் 3500 என்றிருக்கும். மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்து, பேந்து இருந்து கதைக்கிறதுக்காக நாங்கள் காசு சேர்க்கத் தொடங்கின நாளிலிருந்து எங்களுக்குள்ள நடந்த விவாதம் முழுக்க இந்த எண்களைப் பற்றியதுதான். அந்த எண் எங்கயிருந்து வந்தது, அதுக்கு முதல் ஆட்கள் எதை வைத்துப் படம் காட்டினவை என்று பின்னுக்குப் போய்ப் பார்த்தால் கேள்வியே மாறிப்போகுது. எவ்வளவு வெளிச்சம் வேணும் என்பதை விட, எவ்வளவு இருட்டு கிடைக்கும் என்பதுதான் முக்கியமாத் தெரியுது.

படத்தைச் சுவரில் விழுத்துகிற கருவி சினிமாவை விட இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பழையது. ஒல்லாந்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1659 அளவில் செய்து பார்த்த மாய விளக்கில் இருந்தது மூன்றே சாமான்: ஒரு சுடர், கண்ணாடியில் கீறின ஒரு படம், ஒரு வில்லை. ஒரு மெழுகுதிரி எல்லாப் பக்கமும் சேர்த்துக் கொடுக்கிற ஒளி 12, 13 லூமன். விளக்கைக் கொஞ்சம் பெருப்பித்தாலும், வில்லைக்குள்ளால் போய்ச் சுவரில் விழுகிறது அதில் சிறு பங்குதான். அந்த ஒளியை வைத்து ஆட்களைக் கதிரையிலிருந்து எழும்பப் பண்ணினவர்கள் இருந்திருக்கினம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் எத்தியென் காஸ்பார் ரொபேர்ட்சன் கைவிடப்பட்ட ஒரு கன்னியர் மடத்தில் பேய்க்காட்சி நடத்தினார். மண்டபத்தை முழுசா இருட்டாக்கினார். கண்ணாடிப் படங்களில் உருவத்தைச் சுற்றியிருந்த இடமெல்லாம் கறுப்பு மை பூசினார். இதனால் சட்டமோ சதுரமோ தெரியாமல், பேய் மட்டும் ஆகாயத்தில் மிதந்தது. அவரிடம் பெரிய விளக்கு இல்லை. நல்ல இருட்டு இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் எல்லோரும் பெரிய விளக்குக்குப் பின்னால் ஓடினார்கள். சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுவாலையில் பழுக்கக் காய்ச்சிப் பெற்ற ஒளி, இரண்டு கரிக்கோல்களுக்கு இடையில் மின்சாரம் பாயும்போது வருகிற வில் ஒளி, இப்படி ஒவ்வொன்றாக வந்தது. வெளிச்சத்தோட சூடும் வந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டின லூமியர் சகோதரர்களின் கருவியில் விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பின ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. ஒளியைக் குவிக்கிற வில்லையும் அதுதான், படச்சுருள் எரிஞ்சு போகாமல் சூட்டைக் குடிக்கிறதும் அதுதான். எங்களுக்குப் பிடிச்ச கண்டுபிடிப்புகளில் ஒன்று இது. அடுத்த ஒன்றரை வருசத்திலயே, 1897 மே மாதம், அதே நகரத்தில் ஒரு தர்மச் சந்தையில் படம் காட்டும்போது புரொஜெக்டர் விளக்கின் ஈதரில் தீப்பிடித்து 120க்கு மேற்பட்ட ஆட்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தியேட்டர்களில் புரொஜெக்டரைத் தனி அறைக்குள் பூட்டி, சின்ன ஓட்டையால் மட்டும் ஒளியை வெளியில் விட்ட வழக்கத்துக்குப் பின்னால் இந்த மாதிரித் தீக்கள் இருக்கு.

இலங்கைக்குப் படம் வந்தது 1901இல். ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும் இங்க கொண்டுவந்து வைத்திருந்த போவர் போர்க் கைதிகளுக்கும் காட்டினதாகப் பதிவு. பிறகு கூடாரங்களிலும் வெளிகளிலும் பயஸ்கோப் ஓடியது, பிறகு கட்டடங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் வின்சர், றீகல், வெலிங்டன், ராணி, மனோகரா என்று பெயர் சொல்லும்போது முகம் மலராத பெரியாக்கள் குறைவு. அவர்கள் சொல்லுற கதைகளில் நடிகர்கள் வருவார்கள், கலரி வாங்கு வரும், மூட்டைப்பூச்சியும் வரும். புரொஜெக்டர் அறையில் நின்றவர் வருவதில்லை. கரிக்கோல்கள் எரிய எரியக் குறையும், இடைவெளி கூடினால் ஒளி நடுங்கும். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் சுடரைப் பார்த்துக்கொண்டு, ஒரு ரீல் முடிய 20 நிமிடத்துக்கு முன்பின்னாக அடுத்த மெசினுக்கு மாற்றி, அந்தச் சூட்டில் நின்றவர் அவர். 

எல்லாப் படமும் அந்தப் பெரிய மெசினில் ஏறக்கூடியதும் இல்லை. இலங்கையின் முதல் தமிழ்ப்படமாகச் சொல்லப்படும் 'சமுதாயம்' (1962) 16 மில்லிமீற்றர் சுருளில் எடுக்கப்பட்டது. 16இன் ஒரு சட்டத்தின் பரப்பு 35இன் சட்டத்தில் ஏறக்குறைய கால்வாசி. அதுக்கென்று வேற புரொஜெக்டர் வேணும், அந்தச் சின்னச் சட்டத்துக்குள்ளால் போகிற ஒளியும் குறைவு. மலிவாக எடுக்கலாம், பெரிய திரையில் காட்டுறதுதான் கரைச்சல். ஒரு படத்தை யார் பார்ப்பார்கள் என்பதில் கதைக்கு இருக்கிற பங்கு மாதிரி மெசினுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கு.

பிறகு ரீவி வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது, கொஞ்ச நாளில் வீடியோ டெக்கும் வீடுகளுக்கு வந்தது. 1990 ஜூனில் திரும்ப யுத்தம் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. வருசக்கணக்காக இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பெட்டரிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட காலம். அந்தக் காலத்திலயும் ஜெனரேட்டரும் ரீவியும் டெக்கும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையே கூடி விடிய விடிய மூன்று நாலு படம் பார்த்திருக்கு. 21 அங்குலப் பெட்டிக்கு முன்னால் முற்றம் நிறைய ஆட்கள். இருட்டு எங்களிட்டத் தாராளமா இருந்தது, வெளிச்சம் இல்லை. ரீவி தானே ஒளி விடும், அதுக்கு இருட்டும் தேவையில்லை. கடைசி வரிசையில் இருந்தவருக்கு முகம் தெரியாது, பாட்டுத்தான் கேட்கும். அதைப் பற்றி ஒருத்தரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

வீடியோவைப் பெரிய திரையில் விழுத்துகிற முயற்சி அதுக்கு எவ்வளவோ முதலே தொடங்கிட்டுது. சூரிச்சில் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் 1939இல் யோசித்த ஐடொபோர் என்ற கருவியில், கண்ணாடி மேல் பரப்பின எண்ணெய்ப் படலத்தை இலத்திரன் கதிரால் நெளித்து, அதில் வில் விளக்கின் ஒளியைப் பட்டுத் தெறிக்க விட்டார்கள். ஒரு அறையை அடைக்கிற அந்தச் சாமானைப் பிறகு நாசா தன் கட்டுப்பாட்டு அறையில் பாவித்தது. 1970களில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய் வைத்த புரொஜெக்டர்கள் வீடுகளுக்கு வந்தன. மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தப் பண்ணுறதுக்குள்ள படம் முடிஞ்சிடும்.

நாங்கள் இப்ப தெரிவு செய்யவேண்டிய இரண்டு வகையும் பத்து வருசத்துக்குள்ள பிறந்தவை. 1989இல் எப்சன் எல்.சி.டி. புரொஜெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரவப்படிகத் தகடு ஒளியை மறைத்தும் விட்டும் படமாக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் 1987இல் உருவாக்கின சில்லில் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான கண்ணாடிகள் பக்கம் பக்கமாகச் சாய்ந்து ஒளியைத் திரைக்கோ திரைக்கு வெளியிலோ அனுப்பும். டி.எல்.பி. என்று அது 1996இல் சந்தைக்கு வந்தது, 1999இல் 'ஸ்டார் வோர்ஸ்' படமொன்றை அமெரிக்கத் தியேட்டர்களில் சுருள் இல்லாமல் ஓட்டிக் காட்டியது. இரண்டுக்கும் உள்ளே எரிந்தது 1990களின் நடுவில் பிலிப்ஸ் கொண்டுவந்த பாதரச விளக்கு. 200 வளிமண்டல அழுத்தத்துக்குள், ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளியில் எரிகிற வில் அது. சொல்லப்போனால் அதே கரிக்கோல் ஒளியின் பேரப்பிள்ளை. சூடும் அப்படியே, விசிறிச் சத்தமும் அப்படியே. நீல எல்.ஈ.டி. வந்த பிறகுதான், 2010க்குப் பின்னால், விளக்கு மாற்றத் தேவையில்லாத புரொஜெக்டர்கள் பரவலாச்சு.

எங்கட புழுதிக்கும் வெக்கைக்கும் எது நல்லது? சில்லு மூடியிருக்கிற, எல்.ஈ.டி. அல்லது லேசர் ஒளி உள்ள டி.எல்.பி. என்றுதான் நாங்கள் சாய்கிறம். எல்.சி.டி.யில் நிறம் நல்லம், ஆனால் தூசு வடிகட்டியை ஒழுங்காத் துடைக்க ஆள் வேணும். பழைய விளக்கு வகை 250, 300 வோட் இழுக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதைக் கண்ட எங்களுக்கு, பெட்டரியும் இன்வேட்டரும் தாங்கக்கூடிய வோட் கணக்கும் லூமன் அளவுக்கு முக்கியம்.

இனி அந்த லூமன். 1992இல் அமெரிக்கத் தர நிறுவனம் ஒரு முறை வகுத்தது. திரையை ஒன்பது சம கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரி எடுத்து, பரப்பால் பெருக்க வேணும். நடுவில் மட்டும் அளந்தால் எண் கூடும், விளக்கின் வாசலிலயே அளந்தால் இன்னும் கூடும். ஆன்சி என்றோ ஐ.எஸ்.ஓ. என்றோ போடாத 9000, ஒரு அளவே இல்லை. அதே பெட்டியில் '1080 ஏற்கும்' என்றும் இருக்கும். ஏற்கிறது வேற, காட்டுறது வேற. உள்ளே உள்ள உண்மையான பிக்சல் 480 வரிசை என்றால் சிங்களப் படத்துக்குப் போட்ட தமிழ் உபதலைப்பில் புள்ளியும் கொம்பும் சுழியும் கலங்கி, பின்வரிசை அம்மா ஒருத்தருக்கும் வாசிக்க ஏலாது.

இப்ப கணக்கைப் பாருங்கோ. டிஜிட்டல் தியேட்டருக்கான தரம், திரையில் வெள்ளை சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. 3 மீற்றர் அகலமான 16:9 திரையின் பரப்பு 5 சதுர மீற்றர் சொச்சம். சாதாரண வெள்ளைத் திரையில் அந்த அளவுக்கு வர உண்மையான 760 லூமன் போதும். 3500 வேண்டாம்! அது முழு இருட்டில். டியூப் லைற் எரியுது, திரையில் 100 லக்ஸ் விழுது என்று வைப்பம். 760 லூமன் திரையில் 150 லக்ஸ். அப்ப வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 250க்கு 100, அதாவது இரண்டரை மடங்கு. காசைக் கொட்டி 3500 வாங்கினாலும் அந்த வெளிச்சத்தில் எட்டு மடங்கு வராது. விளக்கை அணைத்து ஜன்னலை மூடி 1 லக்ஸுக்குக் கொண்டுவந்தால், மலிவான மெசினே 150 மடங்கு காட்டும். புரொஜெக்டரால் கறுப்பைப் போட ஏலாது. மெசினை நிப்பாட்டிப்போட்டுத் திரையைப் பார்த்தால் என்ன சாம்பல் நிறம் தெரியுதோ, அதுதான் அந்த மண்டபத்தில் படத்தின் கறுப்பு.

அப்ப இரவில் வெளியில் போடலாமே என்று சொல்லுவினம். போடலாம். எங்கட பக்கத்தில் சூரியன் விழுந்து அரை மணித்தியாலத்தில் நல்லா இருட்டிடும், பூரண நிலவின் ஒளிகூட கால் லக்ஸ் அளவுதான், போயா தினமும் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேற இடத்தில. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிற படத்துக்குப் பொம்பிளைப் பிள்ளையளை அனுப்புற வீடுகள் எத்தனை? ஊரடங்குக்குள்ள வளர்ந்த தாய்மாருக்கு இருட்டு என்பது லக்ஸ் கணக்கு இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தை அடைச்சு இருட்டாக்கினாலும், பெடியளும் பெட்டையளும் இருட்டுக்குள்ள என்ன செய்யினம் என்று ஒரு பெரியவர் கேட்பார். கேட்டிருக்கிறார். சிரிச்சுக் கடத்திவிட ஏலாத கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாட்டில், வாறது திரும்பவும் நாங்கள் பத்துப் பெடியள் மட்டும்தான்.

இதுக்கு இயற்பியலில் ஒரு வழி இருக்கு. படத்தைக் கெடுக்கிறது மண்டபத்து வெளிச்சம் இல்லை, திரையில் விழுகிற வெளிச்சம் மட்டும்தான். பின்சுவரோரம், தரையோட, திரைக்கு முதுகைக் காட்டின மாதிரி மங்கலான மஞ்சள் விளக்கு இரண்டு வைத்தால் ஆட்களுக்கு ஆட்கள் முகம் தெரியும், திரை இருட்டாவே இருக்கும். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதால் விளக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் கறுப்புத் துணி. தியேட்டர்களில் நடைபாதை விளக்கைக் காலடியில் வைப்பதும் இதுக்காகத்தான்.

மிச்சம் எல்லாம் அளவு நாடாவும் பொறுமையும். வாங்க முதல் எறிதூர விகிதத்தைக் கேட்க வேணும். 1.5 என்றால் 3 மீற்றர் திரைக்கு நாலரை மீற்றர் தூரம், எங்கட மண்டபத்தில் அது நடுவரிசைக்கு மேல வரும். மேசையில் சரித்து வைத்துக் கீஸ்டோனால் சதுரமாக்கினால் பிக்சல் வீணாகும், தமிழ் எழுத்துத்தான் முதலில் சாகும். மெசினைத் திரைக்கு நேராக வைக்கிறதே நல்லம். வேட்டி கட்டலாம். ஒளியின் ஒரு பங்கு துணியைத் தாண்டிப் பின்னால் போயிடும். கோயில் வீதியில் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்த ஆட்களுக்கு அது ஒரு சுகம், எழுத்து மட்டும் இடம்வலம் மாறித் தெரியும். மண்டபத்துக்கு, பளபளப்பில்லாத வெள்ளை அடிச்ச சுவர் போதும்.

ஆக, சேர்ந்த காசில் உண்மையான 1000 லூமன் அளவில் ஒரு மெசின், மிச்சத்தில் ஒரு ஸ்பீக்கர். எட்டு ஜன்னலுக்கும் இரட்டையாக் கறுப்புத் துணி தைக்கிறதுக்கு அளவெடுத்தாச்சு. மேல் வென்ரிலேற்றரை மூடினால் காற்று நின்றுவிடும் என்பதால், அதுக்கு வெளிச்சத்தை மறைச்சுக் காற்றை விடுகிற மாதிரி மட்டைப்பெட்டி வளைவு ஒன்று வெட்ட வேணும். ஏணி உள்ளவர்கள் சனிக்கிழமை கொண்டுவாங்கோ.