டைம்டேபிளுக்குள்ளே நாலு ஊர்

சித்தி பையன் இந்த வருஷம்தான் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வாரமே வகுப்பு டைம்டேபிளை ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, நான் கோடிங் கத்துக்கத்தானே சேர்ந்தேன்? எதுக்குண்ணா வியாழக்கிழமை மத்தியானம் பூரா மரம் அறுக்கச் சொல்றாங்க?"

ஃபோட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பத்து வருஷம் முன்னாடி என் நோட்டோட பின்னட்டையில் ஒட்டி வைத்திருந்த அதே டைம்டேபிள். திங்கள் காலை முதல் ஹவர் மேத்ஸ். செவ்வாய் மத்தியானம் கிராஃபிக்ஸ். புதன் கெமிஸ்ட்ரி லேப். வியாழன் ஒர்க்‌ஷாப். வெள்ளிக்கிழமை டெஸ்ட். வேற காலேஜ், வேற ஊர், ஆனால் கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கு.

"அப்படித்தான்டா, போய்ப் பண்ணு"ன்னு பதில் போட்டுட்டுப் படுத்துட்டேன். தூக்கம் வரலை. அவன் கேட்டதுக்கு எனக்கே பதில் தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு, அதைக் கடைசியில் சொல்றேன்.

ரெண்டு மூணு வாரம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். நாம போகிற போக்கில் திட்டிக்கொண்டே கடந்துவந்த அந்த வாரத்தை யாரோ ஒருத்தர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதலை. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு ஊரிலிருந்து வந்திருக்கு.

முதல் ஊர் பாரிஸ். வருஷம் 1794. பிரெஞ்சுப் புரட்சி நடந்து ராஜாவின் தலையை வெட்டியாச்சு. சுற்றியிருக்கிற நாடுகளோடெல்லாம் சண்டை. பாலம் கட்ட, ரோடு போட, கோட்டை எழுப்ப இன்ஜினியர்கள் உடனே வேணும். 1794 மார்ச்சில் ஒரு புதுக் கல்லூரிக்கு உத்தரவு போட்டார்கள், டிசம்பரில் வகுப்பு தொடங்கியாச்சு. அடுத்த வருஷம் அதற்கு வைத்த பெயர்தான் எக்கோல் பாலிடெக்னிக். முதல் செட்டில் ஏறக்குறைய 400 பையன்கள். பாடம் எடுத்தவர்கள் யாருன்னு பாருங்க: கணக்குக்கு லக்ராஞ்ச், வரைபட ஜியோமெட்ரிக்கு மோன்ஜ், கெமிஸ்ட்ரிக்கு பெர்த்தொலே. நமக்குப் புத்தகத்தில் தியரமாக வந்து பயமுறுத்தினவர்கள் அங்கே நேரில் வந்து போர்டில் எழுதினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அப்போது பிரான்ஸில் புரட்சிக் காலண்டர் நடப்பில் இருந்தது. வாரத்துக்கு ஏழு நாள் இல்லை, பத்து நாள்! பத்தாவது நாள்தான் லீவு. அதனால் அந்தக் கல்லூரியின் முதல் டைம்டேபிள் பத்து நாள் கணக்கில்தான் போடப்பட்டது. திங்கட்கிழமை காலையில் எழுந்து "இன்னும் அஞ்சு நாள் இருக்கே"ன்னு அழுத நாமெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் :-)

இந்த இடத்தில் நம்ம ஊரையும் சொல்லணும். அதே 1794ல், மே மாதம், சென்னையில் மைக்கேல் டாப்பிங் ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார். எட்டே எட்டு பையன்கள். கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேணும், அவ்வளவுதான் நோக்கம். அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1920ல் கிண்டிக்கு இடம் மாறி, நமக்கெல்லாம் தெரிந்த கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் ஆச்சு. ஒரே வருஷம், ரெண்டு ஊர். ஓரிடத்தில் 400 பேருக்கு லக்ராஞ்ச், இன்னோரிடத்தில் எட்டு பேருக்குச் சங்கிலி. பையன்களின் மூளையில் வித்தியாசம் இல்லை, அவர்களை எதற்குத் தயார் பண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சரி, பாரிஸுக்கே திரும்புவோம். அங்கே மாணவர்களை இருபது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். பெரிய ஹாலில் எல்லாரும் சேர்ந்து லெக்சர் கேட்கணும். அப்புறம் அவரவர் குழுவின் அறைக்குப் போய், கேட்டதைக் கையால் போட்டுப் பார்க்கணும். ஒவ்வொரு அறைக்கும் உதவ ஒரு மூத்த மாணவர். லெக்சர், அப்புறம் சின்னக் குழுவில் பயிற்சி, அப்புறம் செய்முறை. நம்ம சிலபஸ் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் 3-1-0, 0-0-4 என்று போட்டிருக்குமே, எல்-டி-பி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்கிற கணக்கு, அந்தப் பிரிவினையின் அச்சு அப்போதே இங்கே இருக்கு. சின்னக் குழுப் பழக்கம் பிரான்ஸில் இன்னமும் போகலை. பெரிய இன்ஜினியரிங் பள்ளிகளில் நுழைய இரண்டு வருஷம் தயாராகிற மாணவர்கள், மூணு மூணு பேராக ஒரு ஆசிரியர் முன்னாடி நின்று போர்டில் கணக்குப் போட்டுக் காட்டணும். அதுக்கு 'கோல்' என்று பெயர். கடைசி பெஞ்சில் ஒளிய வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை கிராஃபிக்ஸ் கட்டமும் இதே ஊர்தான். மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுருட்டிய ஷீட் பஸ் கூட்டத்தில் நசுங்காமல் காப்பாற்றி, கே.வி. நடராஜன் புத்தகத்தைப் பார்த்து ஃப்ரன்ட் வியூ, டாப் வியூ போட்டோமே, அதற்கு மூல புருஷர் இந்த மோன்ஜ்தான். சாதாரண வியாபாரியின் மகன். மெஸியேர் என்ற ஊரில் ராணுவ இன்ஜினியரிங் பள்ளி இருந்தது. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே மாணவராக இடம். இவருக்குப் படம் வரைகிற வேலை மட்டும் கிடைத்தது. ஒரு நாள் கோட்டை ஒன்றுக்கு, எதிரியின் குண்டு படாமல் சுவரை எப்படி அமைப்பது என்று கணக்குப் போடச் சொன்னார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க நாள்கணக்கில் ஆகிற வேலை. மோன்ஜ் ஜியோமெட்ரியில் சட்டென்று முடித்துக் கொண்டுபோய் நீட்டினார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அந்த முறையை ராணுவ ரகசியம் ஆக்கிவிட்டார்கள். நின்ற பரப்பில் ஒரு நிழல், படுத்த பரப்பில் ஒரு நிழல், ரெண்டையும் ஒரே தாளில் விரித்துப் போடு. நாம நடுவில் XY கோடு போட்டோமே, அதுதான் அந்த மடிப்பு. ராணுவ ரகசியமாக இருந்த விஷயத்தில்தான் நான் முதல் இன்டர்னலில் 50க்கு 17 வாங்கினேன்.

அந்த 400 பேரில் ஒரு பெண்கூட கிடையாது. சோஃபி ஜெர்மேன் என்று ஒரு பொண்ணு பாரிஸில் இருந்தார், கணக்கில் புலி. உள்ளே விடவில்லை. லெக்சர் நோட்ஸை எப்படியோ வாங்கிப் படித்து, 'மிஸ்யூ லெப்லான்' என்ற ஆம்பளைப் பெயரில் லக்ராஞ்சுக்கு எழுதிக் கொடுத்தார். யார் இவ்வளவு நன்றாக எழுதுகிற பையன் என்று லக்ராஞ்ச் விசாரித்தபோதுதான் குட்டு உடைந்தது. அவர் திட்டவில்லை, பாராட்டினார். ஆனால் அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972ல்தான்.

ரெண்டாவது ஊர் ஜெர்மனியில் கீஸென். இது புதன்கிழமை. லீபிக் என்பவர் பாரிஸில் கே-லுஸாக்கிடம் வேலை பழகினவர். (கே-லுஸாக் பாலிடெக்னிக்கில் படித்தவர். பிப்பெட், ப்யூரெட் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்ததும் இவர்தான்.) 1824ல், 21 வயதில், லீபிக் கீஸெனுக்கு ஆசிரியராக வந்தார். சிப்பாய்கள் தங்கியிருந்த பழைய கட்டடம் ஒன்றில் லேப் வைத்தார். அதுவரை பெரும்பாலான இடங்களில் கெமிஸ்ட்ரி என்றால் ஆசிரியர் மேடையில் செய்து காட்டுவார், பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். லீபிக் எல்லாரையும் குடுவையைத் தூக்க வைத்தார். தெரிந்த பொருளில் ஆரம்பித்து, அப்புறம் பெயர் தெரியாத பொருளைக் கொடுத்து 'இது என்னன்னு கண்டுபிடி' என்று விடுவது. ப்ளஸ் டூவில் நாம செய்த சால்ட் அனாலிசிஸ் இந்த வழியில் வந்ததுதான். அவரிடம் உதவியாளராக இருந்த ஃபிரெசீனியஸ் 1841ல் போட்ட புத்தகம் அந்த முறையை ஊர் ஊராகப் பரப்பியது. லேப் அட்டெண்டரிடம் கெஞ்சி என்ன சால்ட் என்று தெரிந்துகொள்வது மட்டும் நம்ம சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

மூணாவது ஊர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட். இது வெள்ளிக்கிழமை. சில்வானஸ் தேயர் என்ற ராணுவ அதிகாரி 1815ல் ஐரோப்பா போய், பாரிஸ் கல்லூரியின் பாடப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்தார். 1817லிருந்து 1833 வரை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அவர்தான் தலைவர். சின்னச் சின்ன வகுப்பு, மாணவர்கள் கரும்பலகைக்குப் போய் ஒப்பிக்கணும், அதற்கு மார்க், வாரக் கடைசியில் மார்க் ரிப்போர்ட். வாரா வாரம் டெஸ்ட் வைக்கிற எந்த வாத்தியாரையாவது நீங்க திட்டியிருந்தால், அதில் கொஞ்சம் இந்தத் தேயருக்கும் போய்ச் சேரட்டும்.

கடைசி ஊர் மாஸ்கோ. தம்பி கேட்ட வியாழக்கிழமை இங்கேதான் வருது. அதுவரை கைத்தொழில் கற்றுக்கொள்ளணும் என்றால் ஒரு மேஸ்திரியிடம் சேரணும். டீ வாங்கிக் கொடுத்து, பட்டறையைப் பெருக்கி, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கற்கணும். மாஸ்கோவில் இம்பீரியல் டெக்னிக்கல் ஸ்கூல் இருந்தது. அதன் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ் 1868 வாக்கில் வேற மாதிரி யோசித்தார். நாற்காலி செய், பூட்டு செய் என்று பொருளைச் செய்யச் சொல்லாதே. வேலையைப் பிரி. அறுப்பது ஒரு பயிற்சி, இழைப்பது ஒரு பயிற்சி, ரெண்டு கட்டையைப் பொருத்துவது ஒரு பயிற்சி. சுலபமானது முதலில், கஷ்டமானது அப்புறம். ஆளுக்கு ஒரு செட் கருவி. ஒரே ஆசிரியர் ஒரு வகுப்புக்கே சொல்லிக் கொடுக்கலாம். செய்து முடித்த கட்டை எதற்கும் உதவாது, பரவாயில்லை, கைதான் முக்கியம்.

1876ல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியில் அந்த மாதிரிக் கட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். எம்.ஐ.டி.யின் தலைவர் ரங்கிள் அதைப் பார்த்து அசந்துபோய், ஊருக்குத் திரும்பி அதே வருஷம் அங்கே அந்த முறையைக் கொண்டு வந்தார். அப்புறம் பல நாடுகளுக்கும் போச்சு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் பிரயோஜனம் இல்லாத அந்த லேப் ஜாயின்ட் எதற்கு என்று இப்போது புரிகிறதா? அது பிரயோஜனம் இல்லாமல் இருப்பதே திட்டம்தான்.

இந்த நாலு ஊரையும் படிக்கும்போது ஒண்ணு திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. கையால் செய்கிற கட்டத்தைக் கஷ்டப்பட்டுத்தான் உள்ளே கொண்டு வருகிறார்கள், கொஞ்ச நாளில் தியரி அதைத் தின்றுவிடுகிறது. பாலிடெக்னிக்கிலேயே அதுதான் நடந்தது. நெப்போலியன் 1804ல் அதை ராணுவக் கல்லூரி ஆக்கினார். போகப் போக கணக்கு ஏறிக்கொண்டே போக, தொழிற்சாலைக்கு வேறு மாதிரி ஆள் வேணும் என்று 1829ல் எக்கோல் சென்ட்ரல் என்று தனிக் கல்லூரியே தொடங்க வேண்டி வந்தது. ஈஃபில் கோபுரத்தின் ஈஃபில் அங்கே படித்தவர். நம்மகிட்ட மட்டும் என்ன வாழுது? "போர்ஷன் முடிக்கணும், இன்னிக்கு லேப் கிடையாது, மேத்ஸ்" என்ற அறிவிப்புக்கு நாங்க கை தட்டியிருக்கோம். ரெக்கார்ட் நோட்டை சீனியரைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கோம், அவர் செய்த தப்பையும் சேர்த்து.

இப்போ அந்த இன்னொரு காரணம்.

முதல் வருஷம், வியாழக்கிழமை, கார்பென்ட்ரி. ரெண்டு கட்டையைச் சரிபாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைக்கணும். எனக்கு உளி பிடிக்கவே வரலை. மறுநாள் மேத்ஸ் டெஸ்ட் வேற. ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர் பெட்டியில் போன வருஷக் கட்டை வைத்திருந்தார். நாலு பரோட்டாவுக்கு அதை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ரிட்டயர் ஆகிற வயதில் இருந்தவர். கட்டையை எடுத்து மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இடுக்கில் கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியலை. "நல்லா வந்திருக்கே"ன்னார். அப்புறம் என் கையைப் பார்த்தார். விரலில் ஒரு கீறல் கிடையாது, சட்டையில் ஒரு மரத்தூள் கிடையாது.

நோட்டில் 9 போட்டார். "மார்க் போட்டுட்டேம்ப்பா. அடுத்த வாரம் வந்து நீயா ஒண்ணு செஞ்சுட்டுப் போ"ன்னார். அவ்வளவுதான். கத்தலை, யாரிடமும் சொல்லலை.

அடுத்த வாரம் வெல்டிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் நினைத்திருந்தால் சாயங்காலம் போய்ச் செய்திருக்கலாம். ஷெட் ஆறு மணி வரைக்கும் திறந்துதான் இருக்கும். போகலை. அப்புறம் நாலு வருஷம் அந்த ஷெட் வழியாகப் போகாமல் கேன்டீனுக்குச் சுற்றிப் போனேன்.

வேலையில் சேர்ந்த ரெண்டாவது வருஷம், இன்னொருத்தர் எழுதிய கோடை அப்படியே எடுத்து, ரெண்டு பெயரை மாற்றிப் போட்டேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ராத்திரி ஒரு மணிக்கு அது உடைந்தபோது, எங்கே கை வைப்பது என்றே எனக்குத் தெரியலை. ஏன்னா அது நான் செய்த பொருள் இல்லை. பக்கத்து சீட் அக்கா விடிகிற வரை உட்கார்ந்து சரி பண்ணினாங்க. அன்னிக்கு எனக்கு ஞாபகம் வந்தது அந்த 9 மார்க்தான்.

நேற்று ராத்திரி தம்பிக்குப் போன் பண்ணி மோன்ஜ், லீபிக், டெல்லா-வோஸ் எல்லாக் கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணா, வியாழக்கிழமை ஜாயின்ட் வைக்கணும், ஹாஸ்டல்ல ஒருத்தர் ரெடிமேடா தர்றேன்னு சொல்றாரு"ன்னான்.

"எவ்வளவு கேட்கிறார்?"

"இருநூறு ரூபாய்ண்ணா."

எங்க காலத்தில் நாலு பரோட்டா. விலைவாசி ஏறித்தான் போச்சு. "வாங்காதடா, கோணலா வந்தாலும் நீயே செய். வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு, எவ்வளவு இடுக்கு விழுந்திருக்குன்னு எனக்கு ஃபோட்டோ அனுப்பு"ன்னு சொல்லியிருக்கேன்.

இன்னிக்கு புதன். நாளைக்குச் சாயங்காலம் ஃபோட்டோ வருதான்னு பார்க்கணும்.