கொல்லிமலையின் மேல் ஒரு கோடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சேலத்துக்கும் திருச்சிக்கும் நடுவே நிற்கிறது. 2016-ல் வந்த ஐ.எஸ். 1893 தரநிலைப்படி சேலம் 3-ம் நிலநடுக்க மண்டலம், திருச்சி 2-ம் மண்டலம். இந்த வித்தியாசம் கட்டுமான வேலையில் எங்கே தெரியும் என்றால், தூணைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பியில். ரிங்கின் நுனியை 90 டிகிரியில் மடக்கி விட்டால், தூண் குலுங்கி மேல்பூச்சு உதிர்ந்ததும் அது வாய் பிளந்துவிடும். உள்ளே இருக்கும் நெடுங்கம்பிகள் புடைத்துக்கொண்டு வெளியே வரும். 135 டிகிரியில் தூணின் உள்நோக்கி மடக்கினால் பிடி விடாது. இதை வற்புறுத்தும் ஐ.எஸ். 13920, 3-ம் மண்டலத்திலிருந்துதான் கட்டாயம், 2-ல் விருப்பப்பட்டால். மடக்குகிற கைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். இந்தியா முழுவதையும் ஒரே தாளில் அடக்கும் வரைபடத்தின் கோடு, கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் எழும்பும் ஒரு பள்ளிக்கூடத்தின் தூணை இப்படித் தீர்மானிப்பது நியாயமா?

அந்தக் கோடுகள் இடம் மாறிய வரலாற்றைப் பார்த்தால் சந்தேகம் வலுக்கிறது. 1962-ல் முதல் தரநிலை வந்தபோது நாடு 0 முதல் 6 வரை ஏழு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆபத்து மிகக் குறைவு என்று கருதப்பட்ட கொய்னா 1967 டிசம்பரில் குலுங்கியது; 1970-ல் வரைபடம் மாறி, மண்டலங்கள் ஐந்தாயின. 1993 செப்டம்பர் 30 அதிகாலை லாத்தூர் பக்கத்துக் கில்லாரி இடிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அது இருந்ததோ மிகக் குறைந்த ஆபத்துள்ள 1-ம் மண்டலத்தில். 2002-ல் அந்த மண்டலமே எடுக்கப்பட்டது. சென்னையும் 2-லிருந்து 3-க்கு ஏறியது. ஒவ்வொரு தடவையும் சாவு முந்திக்கொண்டது, திருத்தம் பின்னால் வந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1931-ல் பலுசிஸ்தானத்து மாக் நகரம் குலுங்கிய பிறகு, ரயில்வே பொறியாளர் எஸ்.எல். குமார் குவெட்டாவில் நிலநடுக்கம் தாங்கும் குடியிருப்புகளைக் கட்டினார். 1935-ல் குவெட்டா தரைமட்டமானபோது அவை நின்றன.

கொல்லிமலை பழம்பாறை, அங்கே பெரிய நிலநடுக்கம் வந்ததாக யாருக்கும் நினைவில்லையே என்று கேட்கலாம். பாறை பழையது என்பது உண்மை. கில்லாரி இருந்ததும் அசையாது என்று நம்பிய தக்காணத்தில்தான். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவுக்கு நிலம் ஆடியிருக்கிறது. தீபகற்பத்தில் ஒரு பிளவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சும்மா கிடக்கலாம். கருவிப் பதிவோ நூறாண்டுச் சொச்சம். கொல்லிமலையில் நாளைக்கே நிலம் பிளக்கும் என்பதல்ல என் வாதம். வாய்ப்பு குறைவுதான். ஆனால் பதிவு இல்லாததை ஆபத்து இல்லாததாக எண்ணி விதியைத் தளர்த்துவது சரியல்ல.

செலவைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மண் சுவரும் புல் கூரையுமாக இருந்த மலைவாழ் மக்களின் பழைய வீட்டுக்கு நிலநடுக்க விதி எதற்கு? அந்த வீட்டுக்கு உண்மையில் பெரிதாகத் தேவையில்லை. கூரை லேசு, விழுந்தாலும் ஆள் தப்பலாம். கில்லாரியில் கொன்றது சேற்றுச் சாந்தில் அடுக்கிய கல் சுவரும், அதன்மேல் ஏற்றி வைத்த கனமான மண் கூரையும். ஆபத்து, மலையில் நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தில் இருக்கிறது: கூரை கான்கிரீட்டாகிறது, சுவர் மட்டும் அதற்கேற்ப வலுப்படுவதில்லை. அதற்கு மருந்து, வாசல், ஜன்னல்களுக்கு மேலே நான்கு சுவரையும் சுற்றி ஓடும் லிண்டல் பெல்ட். சிறிய அறைகளுக்கு 75 மி.மீ. கனமும் 8 மி.மீ. கம்பி இரண்டும் போதும் என்கிறது ஐ.எஸ். 4326. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் இது சில்லறை.

விதி இருந்து என்ன, யார் கேட்கிறார்கள் என்பது கடைசிக் கேள்வி. 2001-ல் பூஜ் நிலநடுக்கத்தின்போது 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாதில், தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் சாய்ந்தன. தரநிலை அப்போதும் அச்சில் இருந்தது. தனியார் வீட்டைக் கண்காணிப்பது கடினம்தான். அரசுத் தொகுப்பு வீட்டுக்கு அந்தச் சாக்கு செல்லாது. அங்கே அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் பணம் வருகிறது. மண்டலம் எதுவானாலும், பெல்ட் சுற்றிலும் ஓடியிருந்தால்தான் லிண்டல் கட்டத்துப் பணம் என்று ஒரு வரி சேர்க்கலாம். தேவனூர் நாடு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் தேட வேண்டியதில்லை.