யாரை நோக்கிய பேரணி? ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் கருவுயிர்க் காப்பு வாதமும் அதன் களமும்

கருக்கலைப்பை எதிர்த்து ஆண்டுதோறும் நடக்கும் பேரணிகளுக்கு முன்மாதிரி வாஷிங்டன் பேரணி. கருக்கலைப்பு அரசமைப்பு காக்கும் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ரோ எதிர் வேட்' வழக்கில் 1973 ஜனவரி 22இல் தீர்ப்பளித்தது. அதன் முதலாண்டு நிறைவை ஒட்டி, 1974 ஜனவரியில், நெல்லி கிரே என்ற வழக்கறிஞரின் முயற்சியில் அப்பேரணி தொடங்கியது. 2022 ஜூனில் 'டாப்ஸ்' வழக்கு அந்தத் தீர்ப்பை நீக்கிய பிறகும் அது தொடர்கிறது. அதே 2022இல், ஆகஸ்ட் 10 அன்று, இந்தியாவின் முதல் தேசிய உயிர்காப்புப் பேரணி புதுதில்லியில் நடந்தது. கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்தின் பணி அமைப்பான காரிஸ் இந்தியா முன்னின்று நடத்திய அப்பேரணி, பின்வந்த ஆண்டுகளில் திருச்சூர் உள்ளிட்ட பிற நகரங்களுக்கும் சென்றது. தேதி கருதித் தேர்ந்தது: மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற நாள் 1971 ஆகஸ்ட் 10. அதன் ஐம்பதாம் ஆண்டான 2021இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் அந்நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கும்படி அழைத்திருந்தனர். ஆக, பேரணியின் நாளே அதன் எதிர்ப்பக்கம் எது என்று சொல்லிவிடுகிறது: ஒரு சட்டம். இந்தக் கட்டுரை அந்தத் தேர்வையே கேள்விக்கு உட்படுத்துகிறது. கருவுயிரைக் காக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்று ஒருவர் பேரணியில் சேர்வது முறையான குடிமைச் செயல்தான். ஆனால் கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர்–கிருஷ்ணகிரித் தொழிற்பகுதியின் சான்றுகளை வைத்துப் பார்த்தால், அக்கொள்கை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்கி நடப்பதால் நிறைவேறாது. கரு கலைக்கப்படும் சூழலை உண்டாக்குவோரை நோக்கித் திரும்பினால்தான் நிறைவேறும்.

சட்டம் தருவதும் தராததும்

அமெரிக்கப் பேரணி எதிர்த்தது ஒரு நீதிமன்றம் அறிவித்த உரிமையை. இந்தியச் சட்டத்தின் அமைப்பு வேறு. இங்கே கருக்கலைப்பு அடிப்படையில் குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சங்கிதையின் 88ஆம் பிரிவு. கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் அப்பிரிவு குற்றவாளியாகவே கொள்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குற்றத்துக்கு ஒரு விலக்கு மட்டுமே அளிக்கிறது. அதுவும் பெண்ணுக்கு நேரடியாக அன்று, பதிவு பெற்ற மருத்துவருக்கு. பெண் கேட்டால் மட்டும் போதாது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து வேண்டும்; 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். மணமாகாத பெண்களையும் 24 வார வரம்புக்குள் சேர்த்தது உச்ச நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு. அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில், 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க அனுமதி கேட்ட மணமான பெண்ணின் மனுவை ஏற்கவில்லை. வளர்ந்த கருவுக்கு இந்தியச் சட்டம் எந்த மதிப்பும் தரவில்லை என்ற பேச்சு இந்தத் தீர்ப்புக்கு முன் நிற்காது. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நாளையே நீக்கப்பட்டாலும் கருவைக் காக்கும் புதிய ஏற்பாடு எதுவும் அந்த இடத்தில் வந்துவிடாது. எஞ்சுவது பெண்ணைச் சிறைக்கு அனுப்ப இடமளிக்கும் 88ஆம் பிரிவு மட்டுமே.

அப்படியொரு நிலை எப்படி இருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 1860 முதல் 1971 வரை நாடு அதில்தான் வாழ்ந்தது. தடை ஏறத்தாழ முழுமையாக இருந்த அக்காலத்தில் மறைவான கருக்கலைப்பு பரவியிருந்ததாலும், அதில் பெண்கள் இறந்ததாலும்தான் 1964இல் சாந்திலால் ஷா குழு அமைக்கப்பட்டது; 1966இல் அது தந்த அறிக்கையே பின்னாளில் சட்டமானது. குடும்பக் கட்டுப்பாடு அரசின் முதன்மைத் திட்டமாக இருந்த காலத்தில் வந்த சட்டம் என்பதால் அதன் நோக்கத்தை ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் தடை கருவைக் காத்ததா என்ற கேள்விக்கு அந்த நூறாண்டு சாதகமான விடை தரவில்லை. இன்றைய நிலையும் இதையே காட்டுகிறது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளிவந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி, 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன. அவற்றில் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரைகள் மூலம் நடந்தவை. அதாவது சட்டம் வகுத்த மருத்துவர் கருத்து, படிவம், பதிவு எதையும் தொடாமல் நடந்தவை. சட்டத்தை இறுக்குவது மீதமிருக்கும் சிறுபங்கையும் மெடிக்கல் ஷாப் பக்கம் தள்ளுமே தவிர, மொத்த எண்ணிக்கையைக் குறைக்கும் என்று கொள்ள ஆதாரமில்லை.

பழைய தருமபுரியின் சான்று

கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாகும் வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி. சேலம், தருமபுரி, மதுரை, தேனி ஆகிய பகுதிகளின் பெயர் 1980களிலும் 90களிலும் பெண் சிசுக்கொலையோடு சேர்ந்தே ஒலித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 942 பெண் குழந்தைகள். சேலத்திலும் தருமபுரியிலும் அந்த எண் 900க்கும் கீழே. அரசின் முதல் பெரிய எதிர்வினை 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். 2001இல் அது தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. பல குழந்தைகளின் உயிரை அத்திட்டம் காத்தது. ஆனால் பெண் குழந்தை வேண்டாமென்றால் அரசிடம் விட்டுவிடலாம் என்ற செய்தியையும் அது சேர்த்தே சொன்னது என்ற விமர்சனம் நியாயமானது. நம் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது 1997 முதல் 1999 வரை தருமபுரியில் நடந்த வேறொரு முயற்சி. டென்மார்க் அரசின் உதவியோடு நடந்த தமிழ்நாடு பகுதி நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் நடிகர்களாகப் பயிற்றுவித்து, ஊர் ஊராக வீதி நாடகம் நடத்திய கலைப்பயணம் அது. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் அதைப் பற்றி எழுதிய ஆய்வு, ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் 'சமூகக் காரணம்' என்று குறிக்கப்பட்ட பெண் சிசு இறப்புகள் அக்காலத்தில் குறைந்ததைக் காட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் இப்பகுதியின் குழந்தைப் பாலின விகிதம் 900ஐத் தாண்டியது. இந்த மாற்றம் முழுவதையும் ஒரு நாடகக் குழுவின் கணக்கில் எழுத முடியாது. கல்வி, குடும்ப அளவு, வேலைவாய்ப்பு, சட்ட நடவடிக்கை எல்லாமே அதில் பங்கு கொண்டவை. என்றாலும் ஒன்று தெளிவு. சிசுக்கொலை என்றுமே சட்டப்படி கொலைதான். எதிர்த்து நடக்க அங்கே ஒரு சட்டமே இருக்கவில்லை. கலைப்பயணம் பேசியது மாமியாரிடம், கணவனிடம், வரதட்சணை கேட்கும் வீட்டாரிடம். உயிர் காப்பதற்காகத் தெருவில் இறங்கும் மரபு இம்மண்ணில் ஏற்கெனவே உண்டு. அது சரியான ஆளைப் பார்த்துப் பேசிய மரபு.

இன்றைய எல்லை

சிசுக்கொலை குறைந்த இடத்தை ஸ்கேன் பிடித்துக்கொண்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் 1996 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. பெயரளவில் கிடந்த அதை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே 2003இல் திருத்தி வலுப்படுத்தினார்கள். ஆனாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரத்தில், கையடக்க ஸ்கேன் கருவியை வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுசென்று பாலினம் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் அண்மை ஆண்டுகளில் பலமுறை பிடிபட்டுள்ளன. எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான்: 2023 நவம்பரில் பெங்களூரு காவல்துறை பிடித்த கும்பல், மண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் வைத்து ஸ்கேன் செய்ததாகத் தெரியவந்தது. இத்தொழிலில் தரகர் ஓரிடம், ஸ்கேன் வேறிடம், கலைப்பு மூன்றாமிடம். சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரியின் எல்லையோ மாவட்டத்தோடு முடிகிறது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் மாநிலமே மாறிவிடுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, தமிழகத்தின் பிறப்புப் பாலின விகிதத்தை 878 எனக் காட்டியது. நான்காம் சுற்றில் அது 954. மாதிரிக் கணக்கெடுப்பு ஆகையால் ஏற்ற இறக்கம் இருக்கும் என்றாலும், இவ்வளவு பெரிய இறக்கத்தைப் புறக்கணிக்க முடியாது. பெண் என்பதாலேயே ஒரு கரு கலைக்கப்படும் இந்தச் செயலுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அனுமதியே இல்லை. அதை எதிர்க்க விரும்புகிறவர் சட்டத்தை நீக்கும்படி கேட்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தை நடத்தும்படி கேட்க வேண்டும்.

இரண்டாவது அழுத்தம் ஆலையிலிருந்து வருகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் வாகன உற்பத்தியால் வளர்ந்த ஊர். அப்போதைய தொழிலாளி பெரும்பாலும் ஆண். இப்போது மின்னணுப் பாகங்கள், காலணி, மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றின் ஆலைகள் கேளமங்கலம், பர்கூர், போச்சம்பள்ளி வரை பரவி, இளம்பெண்களையே பெருமளவில் வேலைக்கு எடுக்கின்றன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் லேடீஸ் ஹாஸ்டல்களில் தங்கி, ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள். 2017 திருத்தத்தின்படி 26 வாரச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் சட்டத்தில் உள்ளன. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவை தொடர்கின்றன. ஆனால் விடுப்பு பெற முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும். கர்ப்பிணியை வெளியேற்ற வேறு காரணம் தேவைப்படாது. மணமான பெண்ணுக்கே இந்த நிலை என்றால், ஊருக்குச் சொல்ல முடியாமல் கருவுற்ற ஹாஸ்டல் பெண்ணுக்குக் குழந்தையைப் பெற்றுக்கொள்வது எண்ணிப் பார்க்கக்கூடிய வழியாகவே இருப்பதில்லை. மூன்றாவது அழுத்தம் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் இன்னும் ஓயாத குழந்தைத் திருமணம். பதினாறு வயதில் கருவுற்ற சிறுமியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனால் போக்சோ சட்டப்படி தகவல் காவல்துறைக்குப் போகும். அந்த அச்சத்தால் குடும்பம் போலி மருத்துவரைத் தேடுகிறது. கருக்கலைப்பு நாடும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 தீர்ப்பு சொன்னதற்குக் காரணம் இந்த அச்சம்தான்.

மறுப்புகளும் விடையும்

பேரணியின் உறுதியான ஆதரவாளர் இதற்கு மறுப்புச் சொல்வார்: கருவின் உயிர்மதிப்பு சூழலைப் பொறுத்ததன்று, கொலையைத் தடுக்கச் சமூகக் காரணம் தீரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, சட்டம் நடக்கிறதோ இல்லையோ, எது தவறு என்று அது கற்பிக்கிறது. இந்த வாதத்துக்கு வலிமை உண்டு. 2021 திருத்தம் கணிசமான கருக் குறைபாடு இருந்தால் கால வரம்பின்றி, மருத்துவ வாரியத்தின் முடிவின்பேரில் கலைக்க அனுமதிப்பது, மாற்றுத்திறனாளியின் வாழ்வு குறைந்த மதிப்புடையது என்று கற்பிக்கிறதா என்ற கேள்வியை இந்த வாதத்தின் உதவியோடுதான் எழுப்ப முடியும். ஆனால் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர் என்றால், அதன் மாணவர்கள் என்ன கற்றார்கள் என்றும் பார்க்க வேண்டும். 312ஆம் பிரிவு நூறாண்டுக்கு மேல் கற்பித்த பாடம், செய்யாதே என்பதைவிட வெளியே தெரியாமல் செய் என்பதே. கொள்கையில் உறுதியாக இருப்பவருக்கே விளைவு முக்கியம். ஏனெனில் அவர் பார்வையில் ஒவ்வொரு கருவும் ஓர் உயிர். உயிர் தப்பிய எண்ணிக்கையைக் கூட்டாத போராட்டத்தில் அவர் நிறைவடைய முடியாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பெண்ணுரிமையாளரின் மறுப்பு இன்னும் கூர்மையானது. கருக்கலைப்பை எதிர்த்து எந்தப் பெயரில் நடந்தாலும் சுமை பெண்மேல்தான் விழும். பாலினத் தேர்வுக்கு எதிரான பிரசாரமே கருக்கலைப்பு முழுவதையும் குற்றமாகக் காட்டி, சட்டப்படி உரியதையும் மருத்துவர்கள் மறுக்கும்படி செய்திருக்கிறது என்பது அவர்கள் தரப்பு. இது நடைமுறையில் நடந்த குழப்பம், மறுக்க முடியாது. பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் கருக்கலைப்பை ஒழுங்கு செய்யும் சட்டமும் வேறு வேறு என்பதைப் பேரணியின் பதாகைகள் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். ஆனால் பேரணியே கூடாது என்ற முடிவு இதிலிருந்து வராது. கருவுக்கு முழு உயிர்மதிப்பு தராதவரும் பாலினத் தேர்வை வாழும் பெண்கள் மீதான பாகுபாடு என்று எதிர்க்கலாம்; வேலை போகும் என்ற அச்சத்தால் விரும்பிய குழந்தையைக் கலைப்பதை, தேர்வுரிமையின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது. கட்டாயத்தால் நிகழும் கலைப்பை எதிர்ப்பதில் இரு தரப்பும் ஒரே இடத்தில் நிற்கின்றன. தானாக விரும்பி எடுத்த முடிவு குறித்த வேறுபாடு நீடிக்கும். அது நீடிப்பதால் இந்தப் பொது இடம் பொய்யாகிவிடாது.

இது சிறுபான்மைச் சமயமொன்றின் இறக்குமதி என்ற மூன்றாம் மறுப்புக்கு நீண்ட விடை தேவையில்லை. ஒரு கோரிக்கையின் தகுதியை அதன் பிறப்பிடம் தீர்மானிப்பதில்லை. இறக்குமதியில் உள்ள உண்மையான குறை வேறு: அமெரிக்கப் போராட்டத்துக்குப் பொருந்திய எதிராளியையும் அது கூடவே கொண்டுவந்துவிட்டது.

எனவே பேரணியில் சேர்வோர் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இப்பகுதியில் தெளிவானவை. தமிழக, கர்நாடக அதிகாரிகள் ஸ்கேன் மையங்களைக் கூட்டாக ஆய்வு செய்து, தொடுத்த வழக்குகளின் நிலையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பேறுகால விடுப்பும் மீண்டும் வேலையும் உறுதியாக வேண்டும். சிப்காட் ஆலைகளின் குழந்தைக் காப்பகங்கள் ஏட்டில் மட்டும் இருக்கக் கூடாது. சிறுமியர் பெயர் வெளிவராமல் மருத்துவம் பெற வேண்டும்; குழந்தைத் திருமணம் நடக்கும் முன்பே நிறுத்தப்பட வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்த மாவட்டத்தில் இவற்றை மூன்று மொழியிலும் சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் எதற்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் அதிகாரி, முதலாளி, குடும்பத்தலைவர் எனப் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய பொறுப்பாளர் உண்டு. ஆண்டுதோறும் நடப்பதால் இத்தகைய பேரணிக்கு ஒரு வசதியும் இருக்கிறது: சென்ற ஆண்டு கேட்டது எவ்வளவு நடந்தது என்று அடுத்த ஆகஸ்ட் 10இல் கணக்குக் கேட்கலாம். அந்தக் கணக்கைக் கேட்கத் தயாராக இருக்கும் பேரணி, கருவுயிரைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியைப் பெறும்.