பணிசெயல் முறைமையின் நிறுவுகையும் மடிக்கணனியின் முடக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

2012 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2013 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சம்சுங் நிறுவனத்தின் சிலவகை மடிக்கணனிகளை வைத்திருந்தோருள் ஒருசாரார் விசித்திரமானதோர் இழப்பினை எதிர்கொண்டனர். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டு என்னும் பணிசெயல் முறைமையை நிறுவக் கருதி, அதனைத் தாங்கிய யூ.எஸ்.பி. நினைவியிலிருந்து அவர்கள் கணனியைத் தொடக்கினர். நிறுவுகை இடைநடுவில் நின்றது. மீண்டும் ஆளியை அழுத்தியபோது திரை இருளாகவே இருந்தது. புதிய முறைமை வராதது மட்டுமன்று, பழைய விண்டோஸும் வரவில்லை. பலருக்குத் தாய்ப்பலகையை மாற்றுவதே பரிகாரமாயிற்று. கணனித் துறையினர் இந்நிலையைச் 'செங்கல்லாதல்' எனப் பரிகாசமாகக் குறிப்பர். சுவர் எழுப்பவும் உதவாத செங்கல் அது என்பதைப் பணம் கொடுத்து வாங்கியவனே அறிவான்.

நிறுவுகை பிழைத்துப்போவது கணனி வரலாற்றிற் புதியதன்று. எனினும், பிழைத்த நிறுவுகையொன்று பொறியையே கொன்றுவிடுவது புதியது. முப்பது ஆண்டுகளாக நிகழாதது அவ்வேளையில் எவ்வாறு நிகழ்ந்தது? இதற்கு விடைகாண வேண்டுமாயின், ஆளியை அழுத்துங் கணத்துக்கும் பணிசெயல் முறைமை பொறுப்பேற்குங் கணத்துக்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கணனியானது தன் நினைவகத்திலுள்ள கட்டளைகளையே நிறைவேற்ற வல்லது. ஆயின் மின்னோட்டம் வந்த கணத்தில் அந்நினைவகம் வெறுமையாயிருக்கும். வெறுமையான நினைவகத்தினுள் முதற் கட்டளையை இடுபவர் யார்? 1975 இல் வெளிவந்த அல்ரெயர் 8800 என்னும் சிறு கணனியில் அதனை இட்டவர் மனிதரே. முகப்பிலிருந்த ஆளிகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி, சில கட்டளைகளைப் பதிந்த பின்னரே, துளையிட்ட காகித நாடாவிலிருந்து ஏனையவற்றை அப்பொறி வாசிக்கும். ஆளியொன்றைப் பிழையாகத் தள்ளினால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவேண்டியதுதான். எனினும் பிழை எங்கே நிகழ்ந்தது என்பதில் மயக்கமில்லை. அது விரலில் நிகழ்ந்தது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணனி இப்பணியைப் பயோஸ் எனப்படும் நிலைபொருளிடம் ஒப்படைத்தது. அழியா நினைவகத்தில் உறைந்திருந்த அச்சிறு செய்நிரல், பொறியின் உறுப்புக்களைச் சோதித்தபின், தட்டின் முதலாவது பகுதியிலுள்ள 512 பைற்றுக்களை வாசித்து, அங்கிருக்கும் கட்டளையிடம் ஆட்சியைக் கையளித்துவிடும். வன்தட்டுப் பரவலாகியபின் அந்த 512 பைற்றுக்களும் மூன்றாகப் பங்கிடப்பட்டன. 446 பைற்றுக்கள் தொடக்கக் கட்டளைக்கு. 64 பைற்றுக்கள் தட்டின் நான்கு பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. எஞ்சிய இரண்டும் அடையாள முத்திரைக்கு. உலகின் கோடிக்கணக்கான கணனிகள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வொடுங்கிய வாயிலூடாகவே விழித்தெழுந்தன.

இவ்வேற்பாட்டின் குறைபாடுகள் பலவாயினும் அதன் ஒரு நற்பண்பு ஈண்டு கருதத்தக்கது. பயோஸ் வாசித்தது, நிறுவுகையின்போது எவரும் பயோஸினுள் எழுதவில்லை. நிறுவுகை எழுதியவை யாவும் தட்டிலேயே எழுதப்பட்டன. ஆதலால் எவ்வளவு மோசமாகப் பிழைத்தாலும், தட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் கணனி முன்போல இயங்கும். இழப்பு இருந்தது, பல நாட் கட்டுரைகளும் கணக்குகளும் அழிந்ததுண்டு. பொறி மட்டும் தப்பியது.

1990 களில் லினக்ஸை நிறுவப் புகுந்தோரின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். லினஸ் டோர்வல்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட இம்முறைமையைத் தொடக்குவதற்கு லிலோ என்னும் செய்நிரல் பெரிதும் பயன்பட்டது. வேர்னர் அல்மெஸ்பேகர் ஆக்கிய அச்செய்நிரல், தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஒரேயடியாக அச்சிடாது, தொடக்கத்தின் ஒவ்வொரு படி கடந்தபோதும் ஓரெழுத்தாக அச்சிட்டது. முதலெழுத்தாகிய 'எல்' மட்டும் தோன்றி நின்றால், முதற்படி வந்தது, இரண்டாம் படியைத் தட்டிலிருந்து எடுக்க இயலவில்லை என்பது பொருள். 'எல்', 'ஐ' என இரண்டு எழுத்துக்களுடன் நின்றால், இரண்டாம் படி எடுக்கப்பட்டது, ஆயின் நிறைவேற்றப்படவில்லை என்பது பொருள். நான்கும் வந்தாற் கணனி வாழும். கருந்திரையின் மூலையில் இரண்டு எழுத்துக்களைக் கண்டு நள்ளிரவுவரை விழித்திருந்தோர் அக்காலத்திற் பலர். எனினும், பழுது நேர்ந்த இடத்தை இத்துணைச் சிக்கனமாக அறிவித்த செய்நிரல்கள் பின்னர் மிகச் சிலவே தோன்றின எனல் மிகையாகாது. வண்ணப் படங்களுடன் கூடிய பிற்கால நிறுவிகள் 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று கூறி ஓய்ந்துவிடும்.

இரண்டெழுத்துடன் நின்றமைக்குப் பெருங்காரணம் தட்டின் அளவீடு பற்றிய கருத்து வேறுபாடாகும். பயோஸ் தட்டிலுள்ள இடத்தை உருளை, தலை, பகுதி என்னும் மூன்று எண்களாற் குறித்தது. உருளைக்கு ஒதுக்கப்பட்டவை 10 பிற்றுக்கள். ஆதலால் 1024 உருளைகளுக்கு அப்பால் அது காணாது. பயோஸின் வரம்பையும் தட்டுக் கட்டுப்படுத்தியின் வரம்பையும் ஒருங்கே பொருத்தினால் 1024 உருளைகள், 16 தலைகள், 63 பகுதிகள் என ஏறத்தாழ 528 மில்லியன் பைற்றுக்களே எஞ்சின. தட்டுக்கள் இவ்வெல்லையைக் கடந்தபோது, பயோஸ் ஒரு கணக்கும் லினக்ஸ் வேறொரு கணக்கும் சொல்லின. நிறுவும்போது லினக்ஸின் கணக்குப்படி எழுதப்பட்ட இடத்தை, தொடக்கும்போது பயோஸ் தன் கணக்குப்படி தேடி வேறெங்கோ சென்றடைந்தது. தட்டின் முற்பகுதியிலே சிறு பிரிவொன்றை வகுத்து, தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புக்களை அங்கு வைத்தலே அக்காலக் கைம்மருந்தாயிற்று. 1995 இல் எரிக் பொலெயின் தொடங்கிய கிரப் என்னும் தொடக்கி, இட எண்களை மனனஞ் செய்யாது கோப்புக்களைப் பெயர்கொண்டு தேடக் கற்றமையால் வேறு சில தொல்லைகளும் நீங்கின.

இனி, மாற்றம் நிகழ்ந்த விதம். 1990 களின் நடுப்பகுதியில் இற்றானியம் என்னும் செயலியை வடிவமைக்க முற்பட்ட இன்டெல் நிறுவனம், பயோஸின் ஒடுங்கிய வாயில் பெரிய பொறிகளுக்குப் போதாதெனக் கண்டு புதியதொரு நிலைபொருள் இடைமுகத்தை வகுத்தது. 2005 இல் அதனைப் பேணும் பொறுப்பு பல நிறுவனங்கள் கூடிய மன்றமொன்றிடஞ் சென்றது, யு.ஈ.எப்.ஐ. என்னும் பெயரும் நிலைத்தது. புதிய நிலைபொருள் கோப்புக்களை வாசிக்கும், பெருந்தட்டுக்களை அறியும், எந்த முறைமையை எங்கிருந்து தொடக்குவது என்னும் பட்டியலையும் தானே வைத்திருக்கும். அப்பட்டியல் இருப்பது தட்டிலன்று. தாய்ப்பலகையிலுள்ள பிளாஷ் நினைவகச் சில்லில், 'மாறிகள்' என்னும் பெயரில். ஆகவே நிறுவுகை முற்றுப்பெற வேண்டுமாயின், பணிசெயல் முறைமை அச்சில்லினுள் எழுதியேயாக வேண்டும்.

முன்னர் வாசிக்க மட்டுமே செய்த எல்லைக்கோட்டில் எழுதவும் வழிதிறக்கப்பட்டது. இதன் விளைவை அன்று பலர் சிந்தித்ததாகத் தெரியவில்லை. அவர்களது கவனம் வேறோர் விவாதத்திற் சென்றிருந்தது. 2012 அக்டோபரில் வெளிவரவிருந்த விண்டோஸ் 8 இன் சான்றிதழைப் பெறவிரும்பும் கணனிகள், இலக்கமுறைக் கையொப்பம் பெற்ற தொடக்கிகளை மட்டும் ஏற்கும் 'பாதுகாப்பான தொடக்கம்' என்னும் வசதியை இயக்கநிலையில் வைத்திருத்தல் வேண்டுமென மைக்ரோசொப்ட் 2011 இல் விதித்திருந்தது. சொந்தக் கணனியிற் சொந்த விருப்பின்படி ஒரு முறைமையை நிறுவும் உரிமை பறிபோகுமோ என்னும் அச்சம் எழுந்தது. அது நியாயமான அச்சமே. லினக்ஸ் ஆக்குநருள் ஒருவரான மத்தியூ கரெட் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்ததுடன், மைக்ரோசொப்டின் கையொப்பம் பெற்று ஏனைய தொடக்கிகளுக்கு வழிவிடும் சிறு இடைச்செய்நிரல் ஒன்றையும் ஆக்கினார். எல்லோரும் கதவின் பூட்டை நோக்கியிருந்த வேளையில் நிலை உளுத்திருந்தது.

சம்சுங் மடிக்கணனிகளின் முடக்கம் வெளிப்பட்டபோது முதற்பழி ஒரு சாதனச் செலுத்தியின்மீது விழுந்தது. சம்சுங் கணனிகளின் திரையொளி, விசைப்பலகையொளி முதலியவற்றைக் கட்டுப்படுத்த லினக்ஸில் இருந்த அச்செலுத்தி, பயோஸ் காலத்து வழக்கப்படி நினைவகத்தின் குறித்தவோர் இடத்தில் எழுதியது. யு.ஈ.எப்.ஐ. வழியாகத் தொடங்கிய கணனியில் அவ்விடத்திலிருந்தது வேறொன்று. காரணம் கண்டாயிற்று எனக் கருதப்பட்டது. 2013 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் கருவின் 3.8 ஆம் பதிப்பில், யு.ஈ.எப்.ஐ. வழித் தொடக்கத்தின்போது அச்செலுத்தி இயங்காதவாறு தடுக்கப்பட்டது.

கரெட் இம்முடிபுடன் அமையவில்லை. நினைவகத்திற் பிழையாக எழுதியமை அப்போதைய இயக்கத்தைக் குலைக்கலாம். மின்னை நிறுத்தித் தொடக்கினால் அது மறைந்திருக்க வேண்டுமன்றோ? என்றென்றைக்குமாகப் பொறி மாண்டமைக்கு அது போதிய காரணமாகாது. அவர் அவ்வகை மடிக்கணனியொன்றில் லினக்ஸை ஒருமுறையேனும் தொடக்காது, விண்டோஸில் இயங்கும் சிறு செய்நிரலொன்றினால் யு.ஈ.எப்.ஐ. மாறிகள் பலவற்றை எழுதி நிரப்பினார். கணனி செங்கல்லாயிற்று! குற்றஞ்சாட்டப்பட்ட முறைமை அங்கு இருக்கவேயில்லை.

அவர் தந்த விளக்கத்தின் தொடர்ச்சி நோக்கத்தக்கது. செலுத்தி பிழையான இடத்தில் எழுதியதனால் வன்பொருள் பழுதெச்சரிக்கை எழுப்பியது. லினக்ஸ் கரு நிலைகுலைந்தது. நிலைகுலையும் கரு, பின்னர் காரணம் ஆராய உதவுமாறு, தன் இறுதிக் கணங்களின் குறிப்பை அழியா நினைவகத்தில் எழுதிவைக்கும் பழக்கமுடையது. யு.ஈ.எப்.ஐ. கணனியில் அழியா நினைவகமாகக் கிடைத்தது மாறிகள் வாழும் அச்சில்லே. குறிப்பு எழுதப்பட்டது, இடம் நிரம்பியது, அவ்வளவு நிரம்பிய நிலையை எதிர்பாராத சம்சுங்கின் நிலைபொருள் அதன்பின் எழுந்திருக்கவில்லை. பழுதை ஆராய்வதற்கென எழுதப்பட்ட குறிப்பே பொறியின் உயிரைக் குடித்தது. அக்குறிப்பை வாசிக்கவேண்டிய கணனியும் அதனுடனேயே அடங்கிற்று.

இங்கு குற்றத்தைப் பகிர்வது எளிதன்று. செலுத்தி தவறியது உண்மை. எனினும் விதிமுறை அனுமதித்த செயலொன்றைச் செய்தமைக்காக ஒரு நிலைபொருள் உயிர்விடுமாயின், தலையாய பிழை நிலைபொருளினுடையதே என்று கொள்ளல் வேண்டும். ஆனால் திருத்தம் வந்தது மறுபக்கத்திலிருந்து. விற்பனையாகிவிட்ட கணனிகளின் நிலைபொருளை ஒவ்வொன்றாக மாற்றுவதிலும், லினக்ஸ் கருவை ஒருமுறை மாற்றுவது எளிதாயிருந்தது. மாறிகளுக்குரிய இடத்தில் அரைவாசிக்கு மேல் நிரம்புமாயின் எழுத மறுக்குமாறு 2013 இல் அது திருத்தப்பட்டது.

இத்திருத்தம் சம்சுங் கணனிகளைக் காத்தது; வேறு கணனிகளில் நிறுவுகையைப் பிழைக்கச் செய்தது. சில நிலைபொருள்கள், நீக்கப்பட்ட மாறிகளின் இடத்தை உடனே மீட்பதில்லை. சில்லு ஏறக்குறைய முற்றாக நிரம்பும்வரை பழைய குப்பையைச் சுமந்திருக்கும். அத்தகைய கணனிகளில், கோப்புக்கள் யாவும் தட்டிற் படியெடுக்கப்பட்டபின், தொடக்கப் பட்டியலிற் பெயரைச் சேர்க்கும் இறுதிப் படியில் 'இடமில்லை' என்னும் செய்தியுடன் நிறுவுகை நின்றது. வன்தட்டில் நூற்றுக்கணக்கான கிகாபைற்று வெறுமையாயிருக்க இடமில்லை என்றால் நிறுவுபவன் எதனை விளங்கிக்கொள்வான்? தட்டை மீண்டும் மீண்டும் பிரித்தழித்தோர் தேடாத இடத்தில் தேடினர். அவ்வாண்டிலேயே அரைவாசி என்னும் வரம்பு கைவிடப்பட்டு, ஏறத்தாழ 5 கிலோபைற்றை மட்டும் எப்போதும் வெறுமையாக வைத்திருத்தல் என்னும் வரையறை ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எல்லைக்கோட்டின் சிக்கல் அத்துடன் தீரவில்லை. லினக்ஸ் அம்மாறிகளைக் கோப்புக்கள் போலக் காட்டியமையால், எல்லாக் கோப்புக்களையும் அழிக்குங் கட்டளை சில மடிக்கணனிகளின் நிலைபொருளையும் முடக்கவல்லது என 2016 இல் அறியப்பட்டது, அழித்தலுக்குத் தடையிடப்பட்டது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 இன் நிறுவுகைப் பிரதி விநியோகத்திலிருந்து மீளப்பெறப்பட்டது. லெனோவோ உள்ளிட்ட சில நிறுவனங்களின் மடிக்கணனிகளில், அதனை நிறுவியபின் பயோஸ் அமைப்புக்களை மாற்றிச் சேமிக்க முடியாது போயிற்று. சிலவற்றில் யூ.எஸ்.பி. நினைவியிலிருந்து தொடக்கவும் இயலாதாகவே, வேறொரு முறைமையை நிறுவித் தப்பும் வழியும் அடைபட்டது. பிளாஷ் சில்லின் பாதுகாப்புப் பிற்றுக்களை நீக்கிப் பூட்டைத் திறப்பதாக எண்ணிச் செலுத்தியொன்று எழுதியது. ஆனால் அச்சில்லுகளில் அப்பிற்றுக்களின் பொருளைத் தலைகீழாக்கும் வேறொரு பிற்று முன்னரே இடப்பட்டிருந்தமையால் சில்லு முழுவதும் பூட்டப்பட்டது. இம்முறை குறை கண்டறியப்பட்டபின் பரிகாரமும் அதே வழியில் வந்தது. தட்டிலிருந்த முறைமை இன்னமுந் தொடங்கக்கூடியதாயிருந்த கணனிகளில், திருத்திய கருவை நிறுவி ஒருமுறை தொடக்கியதும் பூட்டுத் திறந்தது. தாய்ப்பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 2018 ஜனவரியில் அச்செலுத்தியை நீக்கிய நிறுவுகைப் பிரதி மீண்டும் வெளியிடப்பட்டது.